தூக்கிய காலும் ஊன்றிய காலும்

தரம் 11 விஞ்ஞானப் பாடத்தில் தெறிவினையை, அதாவது நினைக்கும் முன்பே உடல் தானாகக் காட்டும் எதிர்வினையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் எல்லாரும் கரும்பலகையில் ஒரே படத்தைத்தான் வரைகிறோம். சூடான கேத்தலில் ஒரு விரல். விரலிலிருந்து ஒரு கோடு முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாணுக்குப் போகிறது. அங்கே ஒரு சிறு கொக்கி. அங்கிருந்து இன்னொரு கோடு புயத்துத் தசைக்கு வருகிறது. வாங்கி, புலன் நியூரோன் (நியூரோன் என்பது நரம்புக் கலம்), இடைத்தூது நியூரோன், இயக்க நியூரோன், விளைவுகாட்டி என்று ஐந்து பெயர்களையும் எழுதினால் முழுப் புள்ளி. படத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அதை வரைந்து முடிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சல் வரும். ஒரு தசை சுருங்குவதை மட்டுமே அது காட்டுகிறது. அதே கணத்தில் எத்தனை தசைகள் சுருங்காமல் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. விலங்குகளின் விரைவைப் பற்றி நான் படித்தவற்றுள் சுவையான பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “டீச்சர், கைக்கு இது சரி. அம்மா மலையில் நிரை பிடித்து நிற்கும்போது காலில் கட்டை குத்தினால் அந்தக் காலைத் தூக்கத்தானே வேண்டும்? தூக்கினால் உருண்டு விழுந்துவிட மாட்டார்களா?”

தேயிலை மலையின் சரிவில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். கவ்வாத்து வெட்டிய குச்சிகள் தரையெங்கும் கிடக்கும். மழை பெய்தால் மண் வழுக்கும். இடுப்பில் படங்கு, தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுப்புறம் தொங்கும் கொழுந்துச் சுமை. இந்த நிலையில் ஒரு காலைச் சட்டென்று தூக்குவது முள்ளைவிடப் பெரிய ஆபத்து. அப்படியிருந்தும் பெண்கள் பெரும்பாலும் விழுவதில்லை.

காரணம் முண்ணாணில் இருக்கிறது. குத்திய செய்தி அதற்குள் நுழைந்ததும் பல கிளைகளாகப் பிரிகிறது. குத்துப்பட்ட காலை மடக்கும் தசைகளுக்குச் ‘சுருங்கு’ என்ற கட்டளை போகிறது. அதே காலை நீட்டும் தசைகளுக்குச் ‘சும்மா இரு’ என்ற கட்டளை. நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போகும் கிளைகள் மற்றக் காலில் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: நீட்டும் தசைகள் விறைக்கின்றன, மடக்கும் தசைகள் அடங்குகின்றன. ஆக நான்கு கட்டளைகள். அவற்றுள் இரண்டு, எதையும் செய்யாதே என்பவை. மறுகாலுக்குரிய கட்டளை சற்றுப் பிந்தியே செயற்படுகிறது. ஆனாலும் உடற்பாரம் முழுவதும் அந்தக் காலுக்கு மாறும் வேளைக்கு அது வந்துவிடுகிறது. இதில் எதற்கும் மூளையின் அனுமதி கேட்கப்படுவதில்லை. நடராசர் படத்தைக் காட்டி, எடுத்த காலை எல்லாரும் பார்க்கிறோம், முயலகன் முதுகில் ஊன்றிய காலைக் கொஞ்சம் பாருங்கள் என்று இப்போதெல்லாம் வகுப்பில் சொல்கிறேன். சைவப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மற்றவர்களும் அந்தப் படத்தை அறிவார்கள் என்பதால் உதாரணம் எடுபடுகிறது.

முள் குத்தினால் முதலில் சுளீர் என்று ஒரு வலி, கொஞ்சம் கழித்துக் காந்தும் இன்னொரு வலி என்று இரண்டாக வருவதையும் கவனித்திருப்பீர்கள். முதலாவது, மயலின் என்ற கொழுப்புறை மெல்லியதாகச் சுற்றிய இழைகளில் செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வரையான வேகத்தில் வருகிறது. இரண்டாவது உறையே இல்லாத மிக நுண்ணிய இழைகளில், செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் வேகத்தில், அதாவது நாம் ஆறுதலாக நடக்கும் வேகத்தில் வருகிறது. பாதத்துக்கும் முண்ணாணுக்கும் இடையே ஒரு மீற்றர் என்று வைத்துக்கொண்டால், காந்தல் வந்து சேரும்போது கால் தூக்கப்பட்டு, மறுகால் ஊன்றி, சில வேளை ஒரு வசைச்சொல்லும் வாயை விட்டுப் போயிருக்கும்.

இந்த ஏற்பாட்டை ஒழுங்காகக் கண்டு சொன்னவர் சார்ள்ஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர். ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசை தானாக விட்டுக்கொடுப்பதில்லை, முண்ணாணே அதைத் தளர்த்துகிறது என்பதைப் பல ஆண்டுச் சோதனைகளால் நிறுவினார். நரம்புத் தொகுதியின் முதன்மையான வேலையே இப்படி உடலை ஒருங்கிணைப்பதுதான் என்று 1906 இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். 1932 இல் எட்கர் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய மாணவர் ஜோன் எக்கிள்ஸ் 1951 இல் தம் சகாக்களுடன் பூனையின் முண்ணாணில் தனியொரு நியூரோனுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி, ‘சும்மா இரு’ என்ற கட்டளை வந்து சேர்வதை மின்னழுத்த மாற்றமாகப் பதிவு செய்தார். தூண்டும் செய்தி வந்தால் நியூரோனின் உள்மின்னழுத்தம் உயர்ந்தது. அடக்கும் செய்தி வந்தால் இன்னும் கீழே இறங்கியது. நியூரோனும் நியூரோனும் சந்திக்கும் நரம்பிணைப்புகளில் மின்சாரமே தாவுகிறது என்று அதுவரை பிடிவாதமாக வாதிட்டுவந்தவர் எக்கிள்ஸ். தம் சொந்தப் பதிவைப் பார்த்ததும் கட்சி மாறி, இரசாயனம்தான் என்று ஒப்புக்கொண்டார். விஞ்ஞான வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த தோல்விகளுள் இது ஒன்று. 1963 இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வேகத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரியவர்கள் நம்பியிருந்தார்கள். ஜேர்மனியின் யொஹனஸ் முல்லர் அவர்களுள் ஒருவர். அவருடைய மாணவரான ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் ஒரு தவளைக் காலின் நரம்பை வைத்து அதை அளந்துவிட்டார். செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர். ஒளியின் வேகத்தோடு ஒப்பிடப்பட்டுவந்த நரம்புச் செய்தி, மலைப்பாதையில் இறங்கும் லொறியைவிட ஓரிரு மடங்கு மட்டுமே வேகமாக ஓடுகிறது என்பது பலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

இந்த வேகத்தைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இழையைப் பருமனாக்குவது. கணவாய் அப்படிச் செய்கிறது. அதன் இராட்சத நரம்பிழை அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பானது. ஆனால் இந்த வழி நட்டக் கணக்கு: வேகத்தை இரண்டு மடங்காக்க விட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். முள்ளந்தண்டு விலங்குகள் வேறு வழி கண்டன. இழையைச் சுற்றி அந்த மயலின் உறை, இடையிடையே சிறு இடைவெளிகள், அந்த இடைவெளிகளில் மட்டும் செய்தி புதுப்பிக்கப்படுகிறது. கணவாயின் இழையில் இருபதில் ஒரு பங்கு தடிப்புக்கூட இல்லாத நம் நரம்பிழை, செக்கனுக்கு 120 மீற்றர் வரை செய்தியைக் கடத்துகிறது.

மண்புழு பழைய வழியிலேயே நிற்கிறது. நுவரெலியா லீக்ஸ் பாத்திகளில் மண்ணைக் கிளறும்போது மண்புழுவின் தலைப்பக்கத்தைத் தொட்டால் ஓர் இராட்சத இழையும், வாற்பக்கத்தைத் தொட்டால் வேறு இரண்டும் வேலை செய்கின்றன. எந்தப் பக்கம் ஆபத்து என்பது, எந்த இழை ஒலித்தது என்பதிலேயே அடங்கிவிடுகிறது. லயத்துக் குசினியில் ஓடும் கரப்பானின் பின்புறத்தில் இரண்டு சிறு கொம்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 200 மெல்லிய மயிர்கள். செருப்பை ஓங்கும்போது அதற்கு முன்னால் வரும் காற்று அந்த மயிர்களைச் சாய்க்கிறது. சாயும் திசையைப் பொறுத்து இராட்சத இழைகள் கால்களுக்குச் செய்தி அனுப்ப, ஏறத்தாழ 50 மில்லிசெக்கனில் கரப்பான் காற்று வந்த பக்கத்துக்கு எதிரே திரும்பி ஓடத் தொடங்கிவிடுகிறது. கண்ணால் கண்டதற்கு மனிதர் கைகாட்டக் குறைந்தது 200 மில்லிசெக்கனாவது வேண்டும். ஆகவே செருப்பால் கரப்பானை அடிக்கத் தவறுபவர்கள் வெட்கப்படத் தேவையில்லை.

சரி, அடக்கும் கட்டளை இல்லாமற்போனால் என்ன ஆகும்? இதற்கு விடை சொல்லும் நஞ்சுகள் இரண்டு. ஒன்று எட்டியிலிருந்து வருகிறது. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்ற பழமொழியில் வரும் அதே எட்டி. இலங்கையில் வறண்ட வலயக் காடுகளில் வளரும் மரம். எங்கள் குளிருக்கு அது ஏறி வருவதில்லை. பழம் தோடம்பழ நிறத்தில் பார்வைக்கு அழகாக இருக்கும். உள்ளே தட்டையான பொத்தான் வடிவ விதைகள். அவற்றில் இருப்பது ஸ்ட்ரிக்னீன். எட்டி இனத்து விதைகளிலிருந்து அதை 1818 இல் பிரான்ஸில் பிரித்தெடுத்தார்கள்.

ஸ்ட்ரிக்னீன் எந்தத் தசையையும் நேரே தூண்டுவதில்லை. முண்ணாணின் அடக்கும் நியூரோன்கள் கிளைசீன் என்ற எளிய அமினோ அமிலத்தைச் சுரந்துதான் கட்டளையைக் கொடுக்கின்றன. அந்தக் கிளைசீன் பொருந்த வேண்டிய இடத்தை ஸ்ட்ரிக்னீன் பிடித்துக்கொள்கிறது. அது செய்வது அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு சிறு சத்தமோ தொடுகையோ போதும், உடலின் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. மடக்கும் தசைகளும் நீட்டும் தசைகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்ட, பலமான பக்கம் வெல்கிறது. முதுகு வில்லாக வளைகிறது. மூச்சுத் தசைகள் இறுகி நிற்பதால் உயிர் போகிறது. அறிவு கடைசிவரை தெளிவாகவே இருக்கும் என்பது கொடுமையிலும் கொடுமை.

மற்றது ஏற்பு, அதாவது டெட்டனஸ். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் ஏற்பூசி என்ற பேச்சு தெரியும். கவ்வாத்துக் கத்தி பட்டது, தகரம் கிழித்தது, மாட்டுப்பட்டியில் ஆணி ஏறியது என்றால் முதலில் வரும் கேள்வி “ஏற்பூசி போட்டாயா?” என்பதுதான். துருவின் மீதுதான் எல்லாருக்கும் சந்தேகம். உண்மையில் மண்ணிலும் சாணத்திலும் உறங்கிக் கிடக்கும் பற்றீரியா வித்திகளே காரணம். ஆழமான காயத்தில், ஒட்சிசன் எட்டாத இடத்தில் அவை விழித்து நஞ்சைச் சுரக்கின்றன. நஞ்சு இயக்க நரம்பின் நுனியில் ஏறி, நரம்புக்குள்ளாகவே பின்னோக்கிப் போய் முண்ணாணை அடைகிறது. அங்கே இயக்க நியூரோனைத் தாண்டி, அதைத் தொட்டு நிற்கும் அடக்கும் நியூரோனுக்குள் புகுந்து, அது தன் இரசாயனத்தை வெளிவிட முடியாதபடி செய்துவிடுகிறது. விளைவு எட்டி செய்வதைப் போன்றதே. தாடையை மூடும் தசைகள் திறக்கும் தசைகளைவிடப் பலமானவை. இரண்டும் சேர்ந்து இறுகும்போது வாய் பூட்டிக்கொள்வது அதனால்தான். வாய் திறக்க முடியாமற்போவது இந்நோயின் முதல் அறிகுறிகளுள் ஒன்று. ஊசியின் வரலாறு 1890 இல் தொடங்குகிறது: பெர்லினில் எமில் வொன் பெயரிங், ஷிபசபுரோ கிட்டசாட்டோ இருவரும், நோய் வராதபடி பழக்கிய விலங்கின் குருதியில் இந்த நஞ்சை முறிக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார்கள்.

எட்டியையும் ஏற்பையும் வைத்து யோசித்தால், விரைவான உடல் என்பது எந்நேரமும் பாயத் துடிக்கும் உடல் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாய்ச்சல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதை வேண்டாத இடங்களில் நிறுத்தி வைத்திருப்பதுதான் நரம்புத் தொகுதியின் இடைவிடாத உழைப்பு.

ட்ரவுட் மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்டவை. ஓடைக்கரையில் நம் கால் அழுத்தமாகப் பட்டாலே போதும், மீன் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருக்கும். பெரும்பாலான எலும்பு மீன்களின் பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இராட்சத நியூரோன்கள் உள்ளன. 1859 இல் அவற்றை விவரித்த லுட்விக் மவுத்னரின் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் இழையும் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கத் தசைகளுக்கு இறங்குகிறது. இடப்பக்கம் அதிர்வு வந்தால் இடப்பக்க நியூரோன் ஒரேயொரு கணத்தாக்கத்தை (நரம்புத் துடிப்பை) அனுப்புகிறது. வலப்பக்கத் தசைகள் தலை முதல் வால் வரை சுருங்க, ஏறத்தாழ 10 மில்லிசெக்கனில் மீன் பிறை வடிவில் வளையத் தொடங்கி, அடுத்த உதையில் போய்விடுகிறது.

இரண்டு நியூரோன்களும் ஒன்றாக இயங்கிவிட்டால்? இரு பக்கமும் சுருங்கி, மீன் அசையாமல் விறைத்து நிற்கும். ஆகவே ஒன்று இயங்கிய கணமே மற்றதை வாயடைக்க வைக்க வேண்டும். அதற்கான நியூரோன்கள் இரசாயனத்தையும் பயன்படுத்துகின்றன, அத்தோடு நிற்பதில்லை. நரம்பிணைப்பில் இரசாயனம் சுரந்து சேர அரை மில்லிசெக்கனாவது ஆகும். அந்தத் தாமதத்தையும் தவிர்க்க, மவுத்னர் நியூரோனின் இழை தொடங்கும் இடத்தைச் சுற்றியுள்ள திரவத்தின் மின்புலத்தையே மாற்றி அதை அடக்கிவிடுகின்றன. ஃபுருகாவா, ஃபர்ஷ்பான் என்ற இருவர் 1963 இல் தங்கமீனில் கண்டது இது. பாய்வதைவிட நிறுத்துவதற்கு அதிக அவசரம் காட்டியிருக்கிறது இந்த மீன்.

இனி அட்டை. மலையகத்தைப் பற்றி எழுதிவிட்டு அட்டையை விட்டுவிட முடியாது. மழைக்காலத்தில் கொழுந்து மலையிலும், சிவனொளிபாதமலைக் காட்டுப் பாதைகளிலும், மானாப்புல் ஓரங்களிலும் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்கும் நிலத்து அட்டை. காலுக்குச் சவர்க்காரம் பூசுவார்கள், உப்பு வைப்பார்கள், எலுமிச்சை தேய்ப்பார்கள். வெற்றிலைப் பையில் இருக்கும் சுண்ணாம்பை விரலால் தொட்டு வைத்தால் போதும் என்று அம்மா சொல்வார். சுருண்டு விழுந்துவிடும்.

நரம்பியலாளர்கள் நேசித்த பிராணி இது. அவர்கள் பயன்படுத்தியது ஐரோப்பிய மருத்துவ அட்டை. எங்கள் காட்டு அட்டைக்குத் தூரத்து உறவு. தலையில் ஒரு மூளை, வாலில் ஒரு மூளை, இடையில் 21 நரம்பு முடிச்சுகள், முடிச்சுக்கு ஏறத்தாழ 400 நியூரோன்கள். எண்ணித் தீர்க்கக்கூடிய தொகை. 1968 இல் நிக்கல்ஸ், பேய்லர் இருவரும் ஒவ்வொரு முடிச்சிலும் தொடுகையை உணர 6, அழுத்தத்தை உணர 4, நோவை உணர 4 என்று தனித்தனி நியூரோன்கள் இருப்பதைக் காட்டினார்கள். அழுத்தத்தை உணரும் நான்கும் தோலை நான்கு கால்பாகங்களாகப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

அட்டையின் ஒரு பக்கத்தை விரலால் மெதுவாக அழுத்தினால் அந்தப் பக்கம் சுருங்கி, எதிர்ப்பக்கம் நீண்டு, உடல் விரலிலிருந்து விலகி வளையும். எதிர்ப்பக்கம் நீள்வது சும்மா நடப்பதில்லை. அங்கும் தசைகள் அடக்கப்படுகின்றன. பூனையில் ஷெரிங்டன் கண்ட அதே ஏற்பாடு, எலும்பே இல்லாத இந்தப் பிராணியிலும் இருக்கிறது. மடக்க மூட்டு இல்லை, நீட்டக் கால் இல்லை. ஆனால் எதிரெதிர்த் தசைகள் இருக்கும் இடத்தில் எல்லாம் இந்தச் சிக்கல் எழுகிறது, தீர்வும் ஒரே விதமாக வருகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது அட்டையின் பசி பற்றிய செய்தி. குடிக்கத் தொடங்கிய மருத்துவ அட்டை தன் எடையைப் போலப் பல மடங்கு இரத்தத்தை உறிஞ்சும் வரை விடாது. அந்த நேரத்தில் அதை அழுத்தினாலும் சீண்டினாலும் வளையாது, நெளியாது, ஓடாது. உணர்ச்சியே இல்லை என்றுதான் நாம் நினைப்போம். கலிபோர்னியாவில் வில்லியம் கிறிஸ்டனும் அவருடன் ஆய்வு செய்த கோட்ரியும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தோலில் அழுத்தத்தை உணரும் நியூரோன்கள் அப்போதும் ஒழுங்காகவே செய்தி அனுப்புகின்றன. ஆனால் அந்தச் செய்தி அடுத்த நியூரோனுக்குக் கைமாற வேண்டிய கடைசி நுனியில் செரடோனின் என்ற இரசாயனத்தால் அடைக்கப்படுகிறது. அழுத்தம் உணரப்பட்டதே ஒழிய, முடிச்சுக்குள் எவருக்கும் அது தெரியவில்லை. வயிறு நிறைந்து உடற்சுவர் இழுபடும்போதுதான் குடிப்பது நிற்கும். செய்தி வந்த பிறகு அதைப் புறக்கணிக்கலாமா என்று யோசிப்பதைவிட, செய்தியை வாசலிலேயே மறிப்பது எவ்வளவு மலிவான ஏற்பாடு! சாப்பாட்டு மேசையில் கைபேசியோடு உட்காரும் என் மகனைக் கூப்பிட்டுக் களைக்கும்போது இந்த ஆய்வு ஞாபகம் வருவதுண்டு.

ஹோர்ட்டன் சமவெளியில் மரைகளைப் பார்த்திருப்பீர்கள். வாகனச் சத்தத்துக்குப் பழகிப்போனவை பாணுக்காக அருகில் வருகின்றன, அது வேறு விஷயம். காட்டோரத்தில் சிறுத்தையின் வாடை பட்டதும் மரை முதலில் செய்வது ஓடுவதல்ல, அப்படியே உறைந்து நிற்பது. பயத்தில் கால் ஓடவில்லை என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் உறைதலும் ஒரு செயல்தான். நடுமூளையில் ஒரு பகுதி அதை நடத்துகிறது. அசைவை நிறுத்தி, தசைகளை இறுக்கத்தோடு தயாராக வைத்திருக்கிறது. வட அமெரிக்க வெண்வால் மானின் குட்டிகள் உறையும்போது இதயத் துடிப்பே குறைந்துவிடுகிறது. அசையும் பொருளைத்தான் சிறுத்தையின் கண் எளிதில் பிடிக்கும் என்பதால் இந்த நிறுத்தத்துக்கு ஓட்டத்தைவிடச் சில வேளை அதிக விலை உண்டு.

குளவிக் கொட்டு பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனால் சுருக்கமாக. தோட்டத் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்கான செய்தி அடிக்கடி பத்திரிகையில் வரும். குளவி என்று எழுதப்படுபவற்றுள் மரத்திலும் பாறையிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீக்களும் உண்டு. எதிரி நெருங்கினால் அவற்றின் அடைமீது ஓர் அலை ஓடும்: ஒரு தேனீ வயிற்றைத் தூக்க, பக்கத்துத் தேனீ தூக்க, ஒரு செக்கனுக்குள் அது அடை முழுவதும் பரவிவிடும். நரம்புக்குள் நடப்பது இங்கே உடல்களுக்கிடையே நடக்கிறது. அடக்குவதும் அப்படியே. வளர்ப்புத் தேனீக்கள் புதுக் குடியிருப்பைத் தேடும்போது, தான் கண்ட இடத்தை ஆட்டத்தால் அறிவிக்கும் தேனீயை வேறு இடத்தைக் கண்டுவந்த தேனீ தலையால் முட்டி, சிறு அதிர்வொலி எழுப்பி ஆட்டத்தை நிறுத்தவைக்கிறது. தோமஸ் சீலியும் சகாக்களும் 2012 இல் இதை விவரித்தபோது, மூளைக்குள் நியூரோன் கூட்டங்கள் ஒன்றையொன்று அடக்குவதோடு ஒப்பிட்டார்கள். ஒப்பீடு வெறும் அலங்காரம் அல்ல. இரண்டிலும், எதிர்த்தரப்பை அடக்காமல் முடிவு எட்டப்படுவதில்லை.

கைக்கு வருகிறேன். புதிதாகப் பேர் பதிந்து மலைக்கு வந்த பெண்ணையும், பல ஆண்டு கொழுந்தெடுத்தவரையும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நிறுத்திப் பாருங்கள். புதியவரின் தோள் இறுகி, முழங்கை விறைத்து, விரல்கள் கொழுந்தைப் பிடுங்கும். மாலையில் கழுத்து வலிக்கும். பழையவரின் கை, பறிக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்புக்கு மேல் தண்ணீர்போல ஓடும். கொழுந்து ஒடிவது தெரியாது. புதிய வேலையைப் பழகும் எவருடைய உடலும் எதிரெதிர்த் தசைகள் இரண்டையும் சேர்த்தே இறுக்குகிறது. தடுமாற்றத்தைத் தவிர்க்க அது ஒரு வழி. பழகப் பழக வேண்டாத தசை விலகிக்கொள்கிறது. கைத்திறன் என்று நாம் புகழ்வதில் ஒரு பெரும்பங்கு இப்படிக் கழித்துவிட்ட இறுக்கமே.

இதில் மூளிக்குப் பெரிய பங்குண்டு. பிடரிப்பக்கம் இருக்கும் இந்தச் சிறு மூளையின் மேற்பட்டையில் புர்கின்யே கலங்கள் என்ற அழகான நியூரோன்கள் வரிசையாக நிற்கின்றன. செக் நாட்டவரான யான் புர்கின்யே 1837 இல் அவற்றை விவரித்தார். ஒவ்வொன்றும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிணைப்புகளில் செய்தி வாங்குகிறது. மூளியின் பட்டையிலிருந்து வெளியே போகும் செய்தி எல்லாம் இந்தக் கலங்கள் வழியாகத்தான் போக வேண்டும். 1960களில் ஜப்பானின் மசாவோ இட்டோ ஒரு வியப்பான உண்மையைக் காட்டினார்: அவை அனுப்பும் செய்திகள் அத்தனையும் அடக்கும் செய்திகள். நடப்பது, எழுதுவது, வயலின் வாசிப்பது, கொழுந்து பறிப்பது எல்லாவற்றையும் செம்மைப்படுத்தும் பட்டைக்கு வாயில் இருப்பது ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல். எதை, எப்போது வேண்டாம் என்பதில்தான் அதன் கல்வி முழுவதும் இருக்கிறது. கங்காணிமாருக்கு இதைச் சொன்னால் மகிழ்வார்கள் என்று நினைக்கிறேன்.

தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். தாய்மாரும் ஆயாவும் மகிழ்ந்துபோவார்கள். அது முண்ணாணும் மூளைத்தண்டும் சேர்ந்து செய்யும் தெறிவினை. நான்கு முதல் ஆறு மாதங்களில் மறைந்துபோகிறது என்று பாடநூல்கள் சொல்லும். உண்மையில் அது எங்கும் போவதில்லை. மூளையின் முன்பகுதி வளர்ந்து அதன் மேல் கையை வைத்துவிடுகிறது. முதுமையிலோ பக்கவாதத்திலோ அந்த முன்பகுதி பாதிக்கப்பட்டால், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிடி திரும்பி வரும்.

என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு உள்ளங்கையில் பட்ட எதையும் பற்றிக்கொள்வார்: போர்வை நுனி, கட்டிலின் சட்டம், பார்க்க வருபவர்களின் விரல். வந்தவர்கள், ஆளைத் தெரிந்துகொண்டார், விட மனமில்லை என்று சொல்லி அழுதார்கள். அக்காவிடம் மட்டும் நான் விளக்கிச் சொன்னேன். தெரிந்துகொண்டாரா இல்லையா என்பதைப் பிடியை வைத்துச் சொல்ல முடியாது, விடு என்ற கட்டளை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்தாள். “அதெல்லாம் சரி. உள்ளங்கையில் வியர்த்துப் புண்ணாகிறது. கழுவ வேண்டும். எப்படித் திறப்பது?” என்று கேட்டாள். விரல்களை ஒவ்வொன்றாக இழுக்காதே, இழுத்தால் பிடி இன்னும் இறுகும், மணிக்கட்டை மெல்ல உட்புறமாக மடக்கு, விரல்களின் தசைநார்கள் தளர்ந்து கை தானாக விரியும் என்று செய்து காட்டினேன். இப்போது காலையும் மாலையும் இளஞ்சூட்டு நீரில் கழுவி, துடைத்து, பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளங்கையில் வைக்கிறாள். பெரியம்மா அதைப் பற்றிக்கொள்கிறார்.